மனச்சோர்வோடு இருப்பவர்கள் உடற்பயிற்சியால் எடை குறைக்க: தொடங்குவோருக்கான வழிகாட்டி

எடை குறைப்பதற்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன: கேட்பவருக்கு விடியற்காலையில் எழுந்திருக்கத் தெம்பும், ஒரு மாதத்திற்குத் திட்டமிடும் மனமும், தவறினால் மறுநாள் மீண்டும் தொடங்கும் ஊக்கமும் இருக்கும் என்பதே அது. மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்வது இந்த மூன்றையும்தான். ஆகவே இந்த நோயோடு இருப்பவர் மற்றவர்களுக்கான பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே தளர்ந்து, அந்தத் தளர்ச்சியைத் தன் குற்றமாகவே எண்ணிக்கொள்வது வழக்கமாக நடக்கிறது. இந்த வழிகாட்டி வரிசையை மாற்றிச் சொல்கிறது. முதல் சில வாரங்களில் உடற்பயிற்சி மனத்திற்காக மட்டும். எடையைப் பற்றிய கணக்கு அதற்குப் பிறகு. இந்த வரிசையில் போனால்தான் இரண்டும் நடக்கும் என்பது என் கருத்து.

புறப்படும் முன் மருத்துவரிடம்

இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே கிடந்தாலோ, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போயிருந்தாலோ, அதோடு தூக்கமும் பசியும் மாறியிருந்தால், மருத்துவரைப் பார்ப்பதே முதல் படி. தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளியாகச் சீட்டு வாங்கிக்கொண்டு நேரடியாகவே போகலாம். இறந்துவிடலாம் என்ற எண்ணம் வந்து போகிறது என்றால், இந்தக் கட்டுரையின் மற்ற எதையும் படிப்பதற்கு முன் யாரிடமாவது பேசிவிடுங்கள். 14416 என்பது இந்திய அரசின் டெலி மானஸ் எண். இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். இலங்கையில் இருப்பவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

எடை ஏறியதற்கு மனச்சோர்வு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வு, மந்தம், எடை ஏற்றம், மனவாட்டம் எல்லாம் ஒன்றாகவே வரும், டி.எஸ்.எச். என்ற ஒரு இரத்தப் பரிசோதனையில் அது பெரும்பாலும் தெரிந்துவிடும். இரத்தச் சோகையும் பி12 குறைபாடும் நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஆளைச் சோர வைத்துவிடும். ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும் பெண்ணிடம் போய், உனக்கு மனவுறுதி போதாது என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும், நாற்பதைத் தாண்டிய வயதில் பல ஆண்டுகள் கழித்துப் பயிற்சிக்குத் திரும்பினாலும், எந்த அளவு வரை போகலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மாத்திரைகள். மிர்டாசபின், பராக்ஸெடின், அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிலருக்கு எடையைக் கூட்டுகின்றன. துணை மருந்தாகத் தரப்படும் ஒலன்சபின், குவெட்டியபின் ஆகியவை பசியை வெகுவாகவே தூண்டக்கூடியவை. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் தூக்கமின்மையும் வரலாம், நோயும் திரும்பலாம். மாத்திரை தொடங்கிய தேதியையும் அதன்பின் எடை எவ்வளவு கூடியது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்பதே சரியான வழி. பல நேரங்களில் மாற்று மருந்து இருக்கும். லித்தியம் சாப்பிடுபவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதிகம் வியர்த்து உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிவிடும் என்பதால், வெயிலில் நடப்பதும் திடீரென்று உப்பைக் குறைப்பதும் அவர்களுக்கு ஆபத்தானவை.

பயிற்சி எதைத் தரும், எதைத் தராது

மனத்திற்கு உடற்பயிற்சி உதவும் என்பது வெறும் ஆறுதல் பேச்சாகச் சொல்லப்படுவதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ப்ளூமென்தால் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு உறுதிசெய்யப்பட்ட 156 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர்: ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று முறை பயிற்சி, இன்னொன்றுக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, மூன்றாவதற்கு இரண்டும். பதினாறு வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தனர். ஆனால் தொடக்க வாரங்களில் மாத்திரை எடுத்தவர்களுக்கே நிவாரணம் விரைவாகத் தெரிந்தது. 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பெரிய தொகுப்பாய்வும், நடை, மெல்லோட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைப்பதாகவே காட்டியது. எனவே பயிற்சியை மருந்துக்கும் ஆலோசனைக்கும் துணையாக வைத்துக்கொள்ளலாம். மருந்து தேவைப்படும் அளவுக்கு நோய் கடுமையாக இருப்பவர், மருந்தின் இடத்தில் பயிற்சியை வைத்துப் பார்க்கக் கூடாது.

எடை விஷயத்தில் கணக்கு வேறு. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் சற்று வேகமாக நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். திரும்பி வரும் வழியில் டீக்கடையில் ஒரு மெதுவடை சாப்பிட்டால் அந்தக் கணக்கு அங்கேயே நேராகிவிடும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. வாரம் ஐந்து நாள் நடந்து, உணவில் எதையும் மாற்றாமல் இருந்தால், ஒரு கிலோ குறைய மூன்று மாதம் ஆகும். இது கேட்பதற்கு உற்சாகம் தரும் செய்தியன்று என்பது எனக்குத் தெரியும். ஆனால் முப்பது நாளில் பத்துக் கிலோ என்ற விளம்பரத்தை நம்பி இறங்கி, எடைமெஷின் அசையாததைக் கண்டு, நடையையே விட்டுவிடுபவர் மனத்திற்குக் கிடைத்துக்கொண்டிருந்த நன்மையையும் சேர்த்தே இழக்கிறார். முதல் ஆறு வாரங்களுக்கு எடைமெஷினைப் பரணில் தூக்கி வைத்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம்: பத்தே நிமிடம்

மனம் வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகலாம். மனச்சோர்வில் ஊக்கம் செயலுக்குப் பின்னால்தான் வருகிறது. மனநல மருத்துவத்தில் இதையே அடிப்படையாக வைத்து, சின்னச் சின்னச் செயல்களை நேரம் குறித்துச் செய்ய வைக்கும் சிகிச்சை முறை இருக்கிறது. அதனால் முதல் இரண்டு வாரத்தின் அளவைச் சிரிப்பு வரும் அளவுக்குச் சிறியதாக வைத்துக்கொள்ள வேண்டும்: நாளொன்றுக்குப் பத்து நிமிடம். வீட்டுப் படியிறங்கித் தெருமுனை வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். அதுவும் முடியாத நாளில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்கதவைத் திறந்து வெளியே நின்றால் போதும். அதையும் நாட்காட்டியில் ஒரு கோடாகப் போட்டுக்கொள்ளலாம். வெளியே வந்து நின்றவர் பல நாள்களில் நாலடி நடந்தும் விடுவார்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். காலை ஐந்து மணி நடைதான் உயர்ந்தது என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மனச்சோர்வு உள்ள பலருக்கு விடியற்காலைதான் நாளிலேயே மிகக் கனமான நேரம். பொழுது சாயச் சாயத்தான் மனம் கொஞ்சம் இளகும். அப்படிப்பட்டவர் காலை நடையை இலக்காக வைத்தால் நாள்தோறும் தோல்வியோடுதான் பொழுது விடியும். மாலை ஐந்தரை மணி உங்களுக்குச் சரிப்பட்டால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முடிந்தவர்களுக்கு வெளிச்சத்தில் நடப்பது இரவுத் தூக்கத்தைச் சீராக்க உதவும் என்பது கூடுதல் நன்மை. எந்த நேரமானாலும், ஏற்கெனவே நாள்தோறும் நடக்கும் ஒரு வேலையோடு அதைக் கட்டிவிட வேண்டும்: மாலைக் காபி குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் நடை, அல்லது பிள்ளையை டியூஷனில் விட்டதும் நடை. இன்று எப்போது போகலாம் என்று யோசிக்கும் வேலையே மிஞ்சக் கூடாது. முடிவெடுப்பதே இந்த நோயில் பெருஞ்சுமை.

தெருவில் இறங்கத் தயங்குவதற்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. எதிரில் வருபவர் நலம் விசாரிப்பதற்கு முன்பே, “என்னம்மா, இப்படி வெயிட் போட்டுட்டே?” என்பார். அவர் அன்போடுதான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாலும், ஏற்கெனவே தன்னைத் தானே வெறுத்துக்கொண்டிருப்பவரை அந்த ஒரு கேள்வி ஒரு வாரம் வீட்டுக்குள் முடக்கிவிடும். தெரிந்தவர்கள் இல்லாத பக்கத்துத் தெருவிலோ, மொட்டை மாடியிலோ, இரண்டு நிறுத்தம் தள்ளி உள்ள பூங்காவிலோ நடப்பது இதற்கு எளிய வழி. ஒற்றை அறை வீட்டில் இருப்பவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் தூக்கி இரண்டு பாட்டு ஓடும் வரை நடக்கலாம். உடம்புக்கு அதுவும் நடைதான். புதிய ஷூ, பட்டை போட்ட உடை, ஜிம்முக்கு ஆறு மாதக் கட்டணம் ஆகியவற்றை இப்போது வாங்க வேண்டாம். கால் வலிக்காத செருப்போ ஷூவோ ஒன்று இருந்தால் போதும். முன்கூட்டிக் கட்டிய பணம் பின்னால் குற்ற உணர்ச்சியாகத்தான் திரும்பி வரும்.

மூன்றாம் வாரம் முதல்

பத்து நிமிடம் வாரத்தில் நான்கைந்து நாளாவது நடந்துவிட்டால், வாரத்திற்கு ஐந்து நிமிடம் வீதம் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு வாரம் கூட்டமுடியவில்லை என்றால் பழைய அளவிலேயே இன்னொரு வாரம் இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் நடந்தால் 150 வந்துவிடும். அதைப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தவணையில் செய்தாலும் கணக்கில் சேரும். மிதமான வேகம் என்பதை அறியக் கருவி தேவையில்லை: கூட வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. மூச்சு வாங்கிப் பேச்சே தடைப்பட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சில் பாரமோ, இடது கையில் வலியோ, கண் இருட்டலோ வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிட்டு உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

தசைப் பயிற்சியைப் பலர், குறிப்பாகப் பெண்கள், தமக்கு உரியதல்ல என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. அதைத் தடுக்க இதுவே வழி. வீட்டில் செய்யத்தக்க மூன்று போதும். கை வைக்காத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து மீண்டும் மெதுவாக உட்காருவது முதலாவது. இறங்கும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் வரை தாங்கி இறங்குவதில்தான் தொடைக்கு வேலை இருக்கிறது. சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, இரண்டு கைகளையும் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றி, நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் தள்ளி மீள்வது இரண்டாவது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது மூன்றாவது. ஒவ்வொன்றையும் எட்டு முறை, சற்று இளைப்பாறி இன்னோர் எட்டு முறை செய்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எட்டு எளிதானால் பன்னிரண்டாக்கலாம். மூட்டு வலி உள்ளவர்கள் நாற்காலியின் மேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டால் முழங்காலுக்கு அழுத்தம் குறையும்.

கோடையைப் பற்றி ஒரு சொல். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்கு மேல் வெயில் தாழும் வரை நடப்பதைத் தவிர்க்க வேண்டும். மனச்சோர்வு மருந்துகளில் பல வியர்வையைக் கூட்டும். சில மருந்துகள் உட்கார்ந்து எழும்போது தலையைக் கிறுகிறுக்க வைக்கும். போவதற்கு முன்னும் வந்த பின்னும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

உணவில் எதைத் தொட வேண்டும்

ஆறு வாரம் கழித்து, நடை ஓரளவு பழகிய பிறகு, உணவின் பக்கம் வரலாம். அப்போதும் பட்டினி கிடப்பதும் நாளுக்கு ஒரு வேளை மட்டும் உண்பதும் வேண்டாம். பசியோடு இருக்கும் மனம் எளிதில் எரிந்து விழும், இரவில் அடக்கமுடியாமல் உண்ணவும் வைக்கும். மனச்சோர்வின் ஒரு வகையில் பசி குறைவதற்குப் பதில் கூடிவிடுகிறது, இனிப்பின் மீதும் மாவுப்பண்டங்களின் மீதும் தனி ஏக்கமே உண்டாகிறது. அதை நாக்குச் சபலம் என்று வைவதில் பயனில்லை. நோயின் அடையாளமாகக் கொண்டு, வீட்டில் மிக்சரும் பிஸ்கட்டும் கண்ணெதிரே இல்லாதபடி பார்த்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்தது.

குடிப்பவற்றிலிருந்து தொடங்குவது எளிது. நாளொன்றுக்கு நான்கு டம்ளர் டீயோ காபியோ, ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கரண்டிச் சர்க்கரை என்றால், எட்டுக் கரண்டியும் சேர்ந்து ஏறக்குறைய 140 கலோரி. அரை மணி நேர நடைக்கு அது சரியாகப் போய்விடுகிறது. இரண்டு கரண்டியை ஒன்றாக்கி, இரண்டு வாரம் கழித்து அரையாக்கினால் நாக்கு பழகிவிடும். அதன் பிறகு தட்டு. சோறு வைத்த தட்டில் குழம்பும் பொரியலும் ஒதுங்குவது நம் வழக்கம்; பொரியலையும் கூட்டையும் முதலில் வைத்து, பிறகு சோற்றைப் பரிமாறினால் யாரும் சொல்லாமலே சோறு ஒரு கரண்டி குறையும். வேளைக்கு ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ, பாசிப்பயறோ, மீனோ சேர்த்தால் பசி நெடுநேரம் தாங்கும். மதுவை விட்டுவிடுவது இரட்டை நன்மை: அதிலுள்ள ஆல்கஹால் ஒரு கிராமுக்கு ஏழு கலோரி தருவதோடு, மனச்சோர்வைக் கிளறித் தூக்கத்தையும் கெடுக்கிறது.

உண்டதை வலிய வாந்தி எடுப்பதோ, சாப்பிட்டுவிட்டோமே என்று தண்டனை போல இரண்டு மணி நேரம் நடப்பதோ தலைகாட்டினால், எடைக்குறைப்பை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எதை அளப்பது

ஆறு வாரத்திற்குப் பின் பரணிலிருந்து எடைமெஷினை இறக்கலாம். வாரம் ஒரு முறை, அதே கிழமையில், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் நின்று பார்த்தால் போதும். நாள்தோறும் ஏறி நின்றால் உடம்பின் நீர் கூடிக் குறைவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் ஒன்றிரண்டு கிலோ கூடுவது சாதாரணம். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை டேப்பால் அளப்பது இன்னும் நம்பகமானது. இந்தியர்களுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லையை மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கிலும் நமக்கு 23க்கு மேல் போனாலே அதிக எடை என்று கொள்கிறார்கள். இலக்கு வைப்பதானால் இப்போதைய எடையில் ஐந்து விழுக்காடு என்று வைக்கலாம். எண்பது கிலோ உள்ளவருக்கு அது நான்கு கிலோ. சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் நன்மை தெரிய அதுவே போதுமானது. ஆறு மாத அவகாசத்தில் அதை எட்டினால் நல்ல வேகம்.

எடையைக் குறிக்கும் அதே நோட்டில் இன்னும் இரண்டு விவரங்களை எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். எடை மாறாத வாரத்தில் மனநிலை மூன்றிலிருந்து ஐந்துக்கு வந்திருப்பதைத் தாளில் பார்க்கும்போதுதான் நடை வீண்போகவில்லை என்பது தெரியும். மருத்துவமனைகளில் பயன்படுத்தும் பி.எச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை மாதம் ஒரு முறை நிரப்புவதும் நல்லது. பத்தோ அதற்கு மேலோ மதிப்பெண் வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது, அதற்கு இல்லை என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பாராமல் அன்றே பேசிவிட வேண்டும்.

விட்டுப்போகும் நாள்கள்

விட்டுப்போகும், அது திட்டத்திலேயே இருக்கட்டும். ஒரு நாள் விட்டால் மறுநாள் வழக்கம்போலத் தொடரலாம், விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாக நடக்க வேண்டாம். இரண்டு வாரம் முழுதாக நடை விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் மீண்டும் பத்து நிமிடத்திற்கே திரும்ப வேண்டும். முன்பு ஆறு வாரம் எடுத்த தூரத்தை இம்முறை இரண்டு மூன்று வாரத்திலேயே கடந்துவிடுவீர்கள். தொடர்ந்து இரண்டு வாரம் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை என்றால், பயிற்சித் திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும், நோய் கூடியிருக்கலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

“டிப்ரஷனாவது ஒண்ணாவது, காலைல நாலு ரவுண்டு நடந்தா எல்லாம் சரியாப் போயிடும்” என்று சொல்பவரின் வாயிலிருந்து வரும்போது நடை ஒரு சிகிச்சையாக இல்லாமல் குற்றச்சாட்டாகிவிடுகிறது. கூட நடப்பதுதான் உதவி. “அக்கா, பால் பூத் வரைக்கும் போயிட்டு வரலாம், வாயேன்” என்று தங்கை அழைத்தால் அதில் எடையும் இல்லை, நோயும் இல்லை; ஆனால் போக வர இருபது நிமிடம் நடந்தாகிவிட்டது. மறுத்தால் வற்புறுத்தாமல் மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் கேட்கலாம். சமையலையும் பிள்ளைகளையும் அந்த அரை மணி நேரம் வேறொருவர் பார்த்துக்கொள்வது, பல வீடுகளில், எந்த அறிவுரையையும் விடப் பெரிய சிகிச்சை. சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களில் உடலில் தெம்பு மனத்திற்கு முன்பே திரும்புவதுண்டு; துயரம் அப்படியே இருக்க நடமாட்டம் மட்டும் கூடும் அந்தக் காலத்தில் அவரைத் தனியே விடாமல் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில மாதங்களில் எடையும் குறைந்து மனமும் தேறியதும், இனி மாத்திரை எதற்கு என்று தோன்றும். நலமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடரும்படியே மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்; நிறுத்தும்போதும் சிறிது சிறிதாகத்தான் குறைப்பார்கள். அந்தப் பேச்சுக்குப் போகும்போது எடையும் தூக்கமும் மனநிலையும் எழுதிய நோட்டையும், கோடு போட்ட நாட்காட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த மாதத்தில் எத்தனை நாள் நடந்தீர்கள், அப்போது மனம் எப்படி இருந்தது என்று பார்த்து மருந்தின் அளவைத் தீர்மானிக்க மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.